அறுபத்து நாலாம் நம்பர் சட்டை

செவ்வாய்க்கிழமை என்றால் டென்னி டாகாச் தன் அப்பாவுக்குச் சவரம் செய்துவிடும் நாள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். திங்கட்கிழமை வீங்கின இடத்துக்கெல்லாம் ஐஸ் வைத்துக்கொண்டு, முதல்நாள் ஆட்டத்தைத் திரையில் போட்டுப் பார்த்துப் பயிற்சியாளரிடம் வாங்கிக் கட்டிக்கொள்வது. செவ்வாய் ஓய்வு. டொலிடோ அணியின் மற்ற ஆட்டக்காரர்கள் அன்றைக்கு மத்தியானம் வரை தூங்குவார்கள், இல்லாவிட்டால் மான் வேட்டைக்குப் போவார்கள். டென்னி மட்டும் பாலத்தைத் தாண்டி ஆற்றின் கிழக்குக் கரையிலிருந்த பழைய வீட்டுக்கு வந்து, சமையலறை நாற்காலியில் அப்பாவை உட்கார வைத்து, கழுத்தில் துண்டைச் சுற்றி, முகத்தில் நுரையைப் பூசுவான். கிழவரும் கன்னத்தை உப்பிக் காட்டிக்கொண்டு சமர்த்தாக உட்கார்ந்திருப்பார்.

அப்பா எர்வின் கண்ணாடித் தொழிற்சாலையில் உலைக்கு முன்னால் நின்றே காலத்தைக் கழித்தவர். மறதி நோய் வந்து அவரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுபோய்க்கொண்டிருந்தது. பெண்சாதி செத்துப்போனது மறந்துவிட்டது. மகள் மார்லீன் கூடவே இருந்து பார்த்துக்கொள்கிறாள், பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள்; அவளையே சில நாள் தன் தங்கை என்று நினைத்துக்கொள்வார். மகன் முகமும் அப்படித்தான், ஒருநாள் தெரியும், ஒருநாள் தெரியாது. தெரியாத நாளில், "கை நல்லா வருதுப்பா உனக்கு. எந்தக் கடையில வேல பாக்குற?" என்று டென்னியிடமே கேட்பார். டென்னியும் சிரித்துக்கொண்டே ஏதாவது ஒரு கடையின் பெயரைச் சொல்லி வைப்பான்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவரை ஏமாற்ற முடியாது. தொலைக்காட்சியில் டொலிடோ அணி மைதானத்தில் இறங்கி, அதில் அறுபத்து நாலு என்று போட்ட சட்டை கண்ணில் பட்டதோ இல்லையோ, கிழவர் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். "அதோ எம்புள்ள" என்பார். ஒரு ஞாயிறுகூடத் தப்பியதில்லை.

அந்த ஆட்டத்துக்குப் பேருதான் கால்பந்து. பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவதும், எறிவதும், மலைபோல் இருப்பவர்கள் ஒருவரையொருவர் முட்டிச் சாய்ப்பதுமாக இருக்கும். தலையில் இரும்புக் கம்பி வைத்த கவசம், முகம் தெரியாது. டென்னியின் வேலை, பந்தை எறிபவனுக்கு முன்னால் இடதுபக்கம் சுவராக நின்று, எவன் பாய்ந்து வந்தாலும் தடுப்பது. பதினோரு வருஷமாக ஆடியும் பந்தை அவன் கையால் தொட்டதில்லை. அவன் பெயரைச் சொல்லி யாரும் கைதட்டியதும் இல்லை. அவனை அவனாக அடையாளம் காட்டியது அந்த நம்பர் ஒன்றுதான்.

அந்தச் செவ்வாய், நவம்பரில் முதல் செவ்வாய். ஆட்டக்காலத்தின் நடுவில் அணிகள் ஆளை மாற்றிக்கொள்ளக் கடைசி நாள். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் யாரும் யாரையும் மாற்ற முடியாது. அப்பாவின் இடது கன்னம் முடிந்து, துடைத்துவிட்டு வலது கன்னத்தில் கத்தியை வைக்கும்போது டென்னியின் போன் அடித்தது. அணியின் மேலாளர் ஹால்ஸ்டெட். ஆளை வாங்குவதும் விற்பதும் அவர் கையில்தான்.

"டென்னி, எங்க இருக்க?"

"அப்பா வீட்ல சார்."

"கொஞ்சம் தனியா வாயேன்."

டென்னி கத்தியைக் கீழே வைத்தான். "இருங்கப்பா, வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுக் கார் நிறுத்தும் கொட்டகைக்குப் போனான்.

"சான் அன்டோனியோ டீம்ல உன்னக் கேட்டாங்க, குடுத்துட்டோம்" என்றார் ஹால்ஸ்டெட். "அவங்க இடது பக்கத்து ஆளுக்கு முழங்கால் போயிடுச்சு. ஞாயித்துக்கெழமையே உன்ன எறக்கணுங்கறாங்க. சாயங்காலமே பிளேன் ஏறணும்."

"போன மாசம் உங்க ரூமுக்கு வந்து கேட்டனே சார். அப்பா இப்படி இருக்கார், எங்கயும் அனுப்பிடாதீங்கன்னு. அனுப்ப மாட்டோம்னு சொன்னீங்களே."

"சொன்னேன். இல்லேங்கல. அப்ப ஜெயிக்கறதும் தோக்கறதும் சரிக்குச் சரியா இருந்துச்சு. இப்ப வரிசையா தோத்துட்டு நிக்கறோம். இனி இத ஒட்டுப் போட்டு ஒண்ணும் ஆகப் போறதில்லப்பா. இடிச்சுத் தள்ளிட்டு அடியிலருந்து கட்டணும். கட்டி முடிக்கறப்ப உனக்கு என்ன வயசாகும்னு நீயே சொல்லு."

"எனக்குப் பதிலா என்ன வாங்குனீங்க?" என்று கேட்டான்.

"மூணாவது சுத்துல ஒரு எடம்."

வருஷா வருஷம் வசந்த காலத்தில், கல்லூரியில் ஆடி முடித்த பிள்ளைகளை அணிகள் முறை வைத்துப் பொறுக்கி எடுத்துக்கொள்ளும். அந்த முறையில் ஒரு இடம், அவ்வளவுதான். இன்னும் பேருகூடத் தெரியாத ஒரு பையன், எந்த ஊரிலோ பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறானே, அவனுக்கும் டென்னிக்கும் சரியாகப் போய்விட்டது.

ஹால்ஸ்டெட் கெட்டவர் இல்லை. தோற்கிற அணி இன்றைய ஆளைக் கொடுத்து நாளையை வாங்கும். ஜெயிக்கிற அணி நாளையைக் கொடுத்து இன்றைக்கு ஒரு ஆளை வாங்கும். இரண்டு பேருக்கும் லாபம் என்று தொலைக்காட்சியில் கோட்டு போட்டவர்கள் உட்கார்ந்து மணிக்கணக்காகப் பேசுவார்கள். நடுவில் அந்த ஆளுக்கு ஒரு அப்பா இருப்பார், ஒரு கன்னத்தில் நுரையோடு சமையலறையில் உட்கார்ந்திருப்பார். அதை எந்த லாபத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பார்களோ தெரியவில்லை.

போக மாட்டேன் என்று சொல்ல டென்னிக்கு உரிமை இல்லை, ஒப்பந்தம் அப்படி. ஆனால் வேறொன்றும் உண்டு, அதையும் சொல்லத்தான் வேண்டும். சான் அன்டோனியோ அந்த வருஷம் கோப்பை வாங்கும் என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. நல்ல அணிகள் மட்டும் ஜனவரியில் கோப்பைக்கு மோதும், தோற்றவர் அன்றோடு வெளியே; டென்னி ஒரு ஜனவரியில்கூட ஆடியதில்லை. டொலிடோவின் ஆட்டம் ஒவ்வொரு வருஷமும் கிறிஸ்துமஸோடு முடிந்துவிடும். கோப்பை ஜெயித்தவர்களுக்கு ஒரு மோதிரம் கொடுப்பார்கள். அப்பா நினைவோடு இருந்த காலத்தில், "ஒரு மோதிரம் கொண்டாந்து என் கையில குடுடா, போதும்" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். கொட்டகையில் போனை வைத்தபோது டென்னிக்கு வந்தது துக்கம் மட்டும் இல்லை. ஒரு மூலையில் சந்தோஷமும் எட்டிப் பார்த்தது. அதை நினைத்து அவனுக்கே வெட்கமாக இருந்தது.

உள்ளே வந்தான். வலது கன்னத்து நுரை காய்ந்து போயிருந்தது.

"யாரு போன்ல?" என்றார் அப்பா.

"ஆபீஸ்லருந்துப்பா."

"வேலய விட்டுத் தூக்கிட்டானுங்களா?"

"இல்லப்பா. வேற ஊர்ல இருக்கற பிளான்ட்டுக்கு மாத்திட்டாங்க."

"ம்" என்றார் கிழவர். "சிரிச்சுக்கிட்டேதான சொன்னான்? அவனுங்க சிரிச்சுக்கிட்டேதான் சொல்லுவானுங்க."

டென்னி கத்தியை எடுத்தான். கவனம் கத்தியில் நிற்கவில்லை. கிழவர் தோல் காகிதம் மாதிரி. பட்டால் ரத்தம் வரும். எடுத்த கத்தியைக் கீழே வைத்துவிட்டான். பள்ளிப் பேருந்தின் காலை நடையை முடித்துக்கொண்டு வந்த மார்லீன் வாசலிலேயே தம்பியின் முகத்தைப் பார்த்துவிட்டாள். அவன் எல்லாவற்றையும் சொன்னான்.

"உன்னக் குடுத்துட்டு கியூவுல ஒரு டோக்கன் வாங்கியிருக்காங்க. அவ்வளவுதான?"

"அவ்வளவுதான்க்கா."

"போடா. மீதிய நான் பாத்துக்கறேன்" என்றாள். ஆனால் கிழவர் அவளைக் கிட்டவே விடவில்லை. அன்றைக்கு முழுக்க அரை முகத்துச் சவரத்தோடுதான் இருந்தார்.

மைதானத்துக்குப் போய்ச் சாமான்களை எடுக்கலாம் என்றால், அலமாரிக்கு மேலே இருந்த பெயர்ப் பட்டை ஏற்கெனவே உருவப்பட்டிருந்தது. அவனுடைய ஷூக்களையும் கையுறைகளையும் கறுப்புக் குப்பைப் பைகளில் போட்டுக் கட்டி வைத்திருந்தார்கள். வழக்கம்தான். டென்னியே எத்தனையோ பேருக்கு அந்தப் பையை வண்டி வரைக்கும் தூக்கிக் கொடுத்திருக்கிறான்.

சான் அன்டோனியோவில் நவம்பரிலும் வெயில் அடித்தது. புது அணியில் எல்லாரும் நன்றாகத்தான் பேசினார்கள். "அறுபத்து நாலு குடுங்க" என்று டென்னி கேட்டபோது, சட்டை கொடுக்கிறவர் மேலே கையைக் காட்டினார். மைதானத்தின் உச்சியில் பெரிய துணியில் அறுபத்து நாலு தொங்கியது. முன்னொரு காலத்தில் ஆடிச் செத்துப்போன யாருக்கோ மரியாதையாக அந்த நம்பரை எடுத்து மாட்டிவிட்டார்களாம். இனி யாருக்கும் தர மாட்டார்கள். டென்னிக்கு எழுபத்தொன்று கொடுத்தார்கள்.

மறுநாள் மார்லீன் போனில், "ஞாயித்துக்கெழம அவர் என்னத்தடா பாப்பாரு?" என்று கேட்டாள்.

"காசு கட்டினா எங்க மேட்ச்சும் வரும்க்கா."

"வரும். எழுவத்தொண்ணக் காட்டி இதான் உம்புள்ளன்னா நம்புவாரா? வேற கலர் சட்ட, வேற நம்பரு. அவருக்குத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணுடா. அதுவும் போயிடுச்சுன்னா அவர் எதப் புடிச்சுக்கிட்டு நிப்பாரு?"

அன்றைக்கே இன்னொரு போன் வந்தது.

"அண்ணே, ஜாமர் பேசறேன்."

ஜாமர் லெட்பெட்டர் அலபாமாக்காரன், கல்லூரியை முடித்து அந்த வருஷம்தான் டொலிடோவுக்கு வந்தவன். ஆட்டத்தில் இறங்காமல், பயிற்சியில் அடி வாங்குவதற்கென்றே வைத்திருந்த கூட்டத்தில் இருந்தான். இப்போது டென்னியின் இடத்துக்கு அவனைத் தூக்கிவிட்டிருந்தார்கள். இடிக்கிற அணி அப்படித்தான் செய்யும். பழுத்தவனை விற்றுவிட்டு, பிஞ்சை இறக்கி, தேறுகிறதா பார்ப்பார்கள்.

"புது சட்ட தரேங்கறாங்க அண்ணே. உங்க அறுவத்து நாலு சும்மா கெடக்கு. எனக்கு அதப் போட்டுக்கணும்னு ஆச. ஆனா உங்களக் கேக்காம தொட மாட்டேன். வேணாம்னா வேணாம், ஒண்ணும் தப்பில்ல."

போனவனின் நம்பரை அவனைக் கேட்காமல் எடுப்பது அவர்களுக்குள் மரியாதைக் குறைவு. வேறு நாளாக இருந்தால் டென்னி, "ஒரு வருஷம் போகட்டுமேடா" என்று சொல்லியிருப்பான். அன்றைக்கு அவனுக்கு மார்லீன் கேட்ட கேள்விதான் காதில் இருந்தது.

"போட்டுக்கோ. கண்டிப்பா போட்டுக்கோ" என்றான். "எங்கப்பா பாத்துக்கிட்டிருப்பாரு. கீழ விழாம ஆடு, அது போதும்."

மார்லீனிடம் சொன்னபோது அவள் தயங்கினாள். "பொய்யில்லையாடா இது?"

"நாம எதுவும் சொல்ல வேணாம்க்கா. டிவியப் போட்டா போதும்."

ஞாயிற்றுக்கிழமை டிவியைப் போட்டாள். அறுபத்து நாலு இறங்கியது. அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அதோ எம்புள்ள" என்றார். மார்லீன் அடுப்பில் கோழிக் குழம்பைக் கிளறப் போகிற சாக்கில் உள்ளே போய் அழுதாளாம். அதைப் பின்னாளில்தான் டென்னியிடம் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆட்டம் முடிந்ததும் டென்னி போன் செய்வான்.

"இன்னிக்கு நல்லா ஆடினடா" என்பார் அப்பா. "அந்தத் தடியன ரெண்டு தடவ உருட்டி விட்டியே, அது ஆட்டம். ஆனா டீம் தோத்துப்போச்சே."

"ஆமாப்பா, தோத்துட்டோம்" என்பான் டென்னி. அவனைச் சுற்றி, ஜெயித்த களிப்பில் சான் அன்டோனியோக்காரர்கள் பாட்டுப் போட்டு ஆடிக்கொண்டிருப்பார்கள்.

அப்பா எப்போதும் நுணுக்கமாகக் கேட்கிறவர். நோய் மற்றதையெல்லாம் தின்றும் அதைத் தொடவில்லை. "அந்த ஏழாம் நம்பர்காரன் உள்ளாற பூந்துட்டானே, வலது கைய ஏன் கீழ விட்ட?" என்பார். டென்னிக்குப் பதில் சொல்லத் தெரியாமல் திண்டாட்டமாகிவிடும். அதனால் டொலிடோவின் ஆட்டத்தையும் திரையில் போட்டுப் பார்க்க ஆரம்பித்தான். பிறகு ஜாமருக்குப் போன் செய்து, "வலது கைய மேல வைடா. எங்கப்பா என்னத் திட்டறாரு" என்பான். ஜாமர் விழுந்து விழுந்து சிரிப்பான். அடுத்த ஞாயிறு கையை மேலே வைத்து ஆடுவான்.

ஒரு தடவை அப்பா, "இந்த வருஷந்தான்டா உன் கால் எளசா ஓடுது. முன்னெல்லாம் கொஞ்சம் கனமா இருக்கும்" என்றார். டென்னி சிரித்தான். ஆனால் மனசு சுருக்கென்றது. கோப்பையைத் துரத்தி ஓடுகிற அணியில் அவன் தன் வாழ்நாளிலேயே நல்ல ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தான். பெற்றவர் அதைப் பார்க்கவில்லை. இருபத்திரண்டு வயதுக்காரன் ஒருவனின் காலைப் பார்த்து மகன் தேறிவிட்டான் என்று பூரித்துக்கொண்டிருந்தார். இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்துக்கொண்டான். அவர் நிம்மதியாக இருக்கிறார், அது போதாதா.

டிசம்பரில் சான் அன்டோனியோ ஆட்டக்காரர்கள் தாடி வளர்க்க ஆரம்பித்தார்கள். தோற்கும் வரைக்கும் யாரும் முகத்தில் கத்தி வைப்பதில்லை என்று பேச்சு. டென்னியும் வளர்த்தான். அவனுக்கு முகம் முழுக்க அடர்த்தியாக, நரை கலந்து வளர்ந்தது.

வழக்கமான ஆட்டங்களில் கடைசி வாரம். டொலிடோவுக்கு ஜெயித்து ஆகவேண்டியது ஒன்றும் இல்லை. உண்மையைச் சொன்னால் தோற்பதுதான் அவர்களுக்கு நல்லது. எவ்வளவு தோற்கிறார்களோ, வசந்தத்தில் பிள்ளைகளைப் பொறுக்கும்போது அவ்வளவு முன்னால் நிற்கலாம். மிச்சமிருந்த பழைய ஆட்களுக்கு ஓய்வு கொடுத்து உட்கார வைத்துவிட்டார்கள். ஜாமருக்கு வலப்பக்கமும் பிஞ்சு, இடப்பக்கமும் பிஞ்சு. யார் எங்கே நகர வேண்டும் என்று ஒருவருக்கும் விளங்காமல், மூன்றாம் பகுதி ஆட்டத்தில் ஒருவன்மேல் ஒருவனாகச் சரிந்தார்கள். எல்லாரும் எழுந்தபிறகு அறுபத்து நாலு மட்டும் எழவில்லை. இடது கால் முழங்காலுக்குக் கீழே வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. தொலைக்காட்சிக்காரர்கள் அதைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். பாவிகள், ஒரு தடவை போட்டால் போதாதா.

டென்னி தன் ஆட்டத்தை ஜெயித்துவிட்டு வந்து போனை எடுத்தால், மார்லீன் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்திருந்தாள்.

"கோட்டப் போட்டுக்கிட்டு வாசல்ல நிக்கறாருடா. செருப்பு மாத்தி மாட்டியிருக்காரு. உனக்குக் கால் உடஞ்சிடுச்சு, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்கறாரு. என்னால முடியலடா."

"அவர்ட்ட குடு. என் முகத்தக் காட்டு."

போனின் திரையில் அப்பா வந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"அப்பா, நான்தான்பா. எனக்கு ஒண்ணும் ஆகல. இங்க பாருங்க, ரெண்டு கால்லயும் நிக்கறேன்."

கிழவர் திரையை உற்றுப் பார்த்தார். "யாரும்மா இந்தத் தாடிக்காரன்?" என்று மார்லீனிடம் கேட்டார்.

"டென்னிப்பா. உங்க டென்னி."

"தம்பி, வெளையாடாத" என்றார் கிழவர். குரலில் கோபம்கூட இல்லை. "நான் என் கண்ணால பாத்தேன். கால் அந்தப் பக்கமா திரும்பிக் கெடந்துச்சு. நீ யாரு பெத்த புள்ளயோ, நல்லாரு. லைன வை, நான் எம்புள்ளயப் பாக்கப் போகணும்."

அந்த வாரம் டென்னி பயிற்சியாளரிடம் போய் ஒரே ஒரு நாள் விடுமுறை கேட்டான். "ஜனவரில லீவு கெடையாது டென்னி" என்றார் அவர். "உன்ன வாங்குனதே ஜனவரிக்குத்தான். தோத்தா அன்னிக்கே கெளம்பு, நானே டிக்கெட் போட்டுத் தரேன்."

ஆகக்கூடி, ஜெயித்தால் ஊருக்குப் போக முடியாது, போக வேண்டுமென்றால் தோற்க வேண்டும். அப்படி ஒரு இடத்தில் நின்றான் டென்னி.

அதுகூடப் பரவாயில்லை. பின்னால் அவனை அரித்தது வேறு. தாடியை எடுத்துவிட்டுப் போனில் முகத்தைக் காட்டியிருக்கலாம். பழைய முகத்தைப் பார்த்தால் அப்பாவுக்கு அடையாளம் தெரிந்தாலும் தெரிந்திருக்கும். ஐந்து நிமிஷ வேலை. கத்தியை எடுத்துக் கண்ணாடி முன்னால் நிற்கவும் செய்தான். பக்கத்து அலமாரிக்காரன் பார்த்துவிட்டு, "என்ன காரியம் பண்ற? இப்ப முடிய எடுத்தேன்னா அத்தோட முடிஞ்சுது நம்ம கத" என்றான். இன்னும் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். யாரும் மிரட்டவில்லை; அந்தப் பார்வையே போதுமாக இருந்தது. டென்னிக்கும் உள்ளுக்குள் பயம்தான். பதினோரு வருஷம் காத்துக் கிடந்த மோதிரம் ஒரு சவரத்தில் போய்விடுமோ என்று. கத்தியை வைத்துவிட்டான்.

ஆஸ்பத்திரியிலிருந்து ஜாமர் கூப்பிட்டான். "மன்னிச்சுக்கங்க அண்ணே. உங்க நம்பரக் கீழ விழ வச்சுட்டேன்" என்றான். கீழே விழாமல் ஆடு என்று தான் சொன்னதை இந்தப் பையன் இத்தனை நாளும் மனதில் வைத்திருந்தானே என்று நினைத்து டென்னி அழுதான். தேறி எழுந்து ஆட இன்னும் ஒரு வருஷம் ஆகும் என்றார்களாம். டொலிடோவில் அதற்குள் அவனையும் மறந்துவிடுவார்கள்.

அந்த ஞாயிறு சான் அன்டோனியோ ஜெயித்தது. அப்பா சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார். தட்டை வைத்தால், "அவன் சாப்பிட்டானா?" என்று கேட்டுத் தள்ளிவிடுவார். தொலைக்காட்சியைப் போட விடவில்லை. கோட்டைப் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அடுத்த ஞாயிறு தோற்றார்கள். இறுதி ஆட்டத்துக்கு ஒரு படி கீழே, கடைசி நிமிஷத்தில் எதிரணி உதைத்த பந்து கம்பங்களுக்கு நடுவே போய்விட்டது. சுற்றிலும் மலைபோன்ற ஆண்கள் தரையில் உட்கார்ந்து அழுதார்கள். டென்னி அழவில்லை. மோதிரம் போன துக்கம் வரும் என்று காத்திருந்தான், வரவில்லை. வந்தது ஊருக்குப் போகலாம் என்ற ஒரு நினைப்புதான்.

விமானத்தை விட்டு இறங்கியதும் முதல் வேலையாகக் கழிப்பறைக் கண்ணாடி முன்னால் நின்று தாடியை எடுத்தான். வாடகை வண்டி பிடித்து வந்தான். தெருவில் முழங்கால் வரைக்கும் பனி. ஜன்னலில் அப்பாவின் முகம் தெரிந்தது. டென்னி வேகவேகமாகப் படியேறி, கதவைத் திறந்துகொண்டு அவர் முன்னால் போய் நின்றான்.

"அப்பா."

அப்பா பாதியாக இளைத்திருந்தார். முகத்தில் வெள்ளை முடி ஒழுங்கில்லாமல் மண்டியிருந்தது. அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"அவன மாதிரியே இருக்க" என்றார் மெதுவாக. "ஜாடையெல்லாம் அப்படியே இருக்கு. ஆனா நீ இல்ல. அவனுக்குக் கால் உடஞ்சிருக்கு. நீ என்னமோ படியில தாவி ஏறி வர்ற."

"அப்பா, நான்..."

"வேணாம்பா. மனசு நொந்து கெடக்கேன். போயிடு."

மார்லீன் சுவரோரம் நின்று வாயைப் பொத்திக்கொண்டாள். டென்னி திரும்பி வெளியே போனான். வண்டி போய்விட்டிருந்தது. பனியில் கொஞ்சநேரம் நின்றான். பிறகு வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை இழுத்து இழுத்து, ஒவ்வொரு படியாக ஏறினான். கதவைத் திறந்தான். உள்ளே நொண்டிக்கொண்டே வந்தான்.

அப்பா புருவத்தைச் சுருக்கினார். "இடது கால்லடா அடி. வலது கால இழுக்கற" என்றார்.

டென்னி நின்றான். காலை மாற்றிக்கொண்டான். இடது காலை இழுத்துக்கொண்டு இன்னும் நாலு எட்டு வைத்தான். கிழவர் எழுந்துவிட்டார்.

"வந்துட்டியாடா" என்றார். "உக்காரு, உக்காரு. கால மேல போடு."

டென்னியின் இடது காலைத் தூக்கித் தன் மடிமேல் வைத்துக்கொண்டார். ஒரு காயமும் இல்லாத அந்தக் காலை மெதுவாகத் தடவிக் கொடுத்தார். கொஞ்சநேரம் கழித்து அப்பா குனிந்து, மார்லீனுக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல் அவன் காதோரம் சொன்னார்.

"ஒரு விதத்துல நல்லதுக்குத்தான்டா. கால் உடஞ்சவன எவன் வாங்குவான்? இனி உன்ன எந்த ஊருக்கும் மாத்த மாட்டானுங்க. இங்கயே இரு."

நவம்பர் மாதத்துச் செவ்வாய்க்கிழமை அவருக்கு நினைவிருந்தது என்பது டென்னிக்கு அப்போதுதான் தெரிந்தது. அப்பாவின் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதான். "வலிக்குதாடா?" என்று அப்பா கேட்டார். "வலிக்குதுப்பா" என்றான்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவன் நேராக நடக்கவே இல்லை. செவ்வாய்க்கிழமை என்று பார்க்காமல் தினமும் வந்தான், தினமும் வாசற்படியிலிருந்தே இடது காலை இழுத்தான். மார்ச் மாதத்தில் ஒருநாள், அப்பாவின் முகத்தில் நுரை பூசி முடித்தபோது போன் அடித்தது. சான் அன்டோனியோவின் நம்பர். என்ன சொல்வார்கள் என்று அவனுக்குத் தெரியும். வாங்கினது ஒரு ஜனவரிக்கு, ஜனவரி முடிந்துவிட்டது, நன்றி.

"போன் அடிக்குதுடா" என்றார் அப்பா.

"அடிக்கட்டும்பா. கன்னத்தக் காட்டுங்க."

இடது கன்னத்தை முடித்தான். வலது கன்னத்தையும் முடித்தான். வெந்நீரில் துண்டை நனைத்து முகத்தைத் துடைத்துவிட்டான். பிறகுதான், அப்பா பார்த்துக்கொண்டிருக்க, நொண்டி நொண்டிப் போய் போனை எடுத்தான்.